1975-ன் ஒலெக் பிளோகினை பெஸ் 6-ல் உருவாக்குவது எப்படி: எண்ணுக்கு எண் முழு வழிகாட்டி

பெஸ் 6 என்ற கணினிக் கால்பந்து ஆட்டத்தில், சோவியத் முன்கள வீரர் ஒலெக் பிளோகினை நான் முதன்முதலில் உருவாக்கியபோது வந்தது ஒரு பூதம். ஓட்ட வேகம் 99, முடுக்கம் 99, ஷாட் எல்லாம் 95-க்கு மேல், தலையால் முட்டுவது 88, பாஸ் 90. ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான பலோன் டோர் விருதை வாங்கியவர் ஆயிற்றே என்று கை தாராளமாகிவிட்டது. இரண்டு ஆட்டம் ஆடிப் பார்த்த நண்பன், "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது யார் வேணா இருக்கலாமே" என்றான். அவன் சொன்னது சரிதான். உயர்ந்த எண்களை அடுக்கினால் நல்ல ஆட்டக்காரர் கிடைப்பார், பிளோகின் கிடைக்கமாட்டார். அவரை அடையாளம் காட்டுவது அவரால் முடியாத விஷயங்கள். அந்த ஆட்டக்காரரை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். இரண்டாம் முறை எப்படிச் செய்தேன் என்பதுதான் இந்த வழிகாட்டி.

பெஸ் 6, அதாவது ப்ரோ எவல்யூஷன் சாக்கர் 6, பழைய ஆட்டம்தான், 2006-ல் வந்தது. ஆனாலும் பழைய ஆட்டக்காரர்களை மதிப்பிட அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. ஒவ்வொரு திறனுக்கும் தனித்தனி எண், 99 வரை. அதற்கு மேல் நட்சத்திரக் குறியிட்ட சிறப்புத் திறன்கள். அதில் பழைய நட்சத்திரங்கள் ஆடும் கிளாசிக் அணிகள் என்று இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, நெதர்லாந்து, அர்ஜென்டினா, பிரேசில் உண்டு. சோவியத் யூனியன் கிடையாது. 1960-ல் முதல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற அணிக்கு இடமில்லை என்றால், நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள்

பெரும்பாலோர் தவறு செய்வது இங்கேதான். பிளோகின் டைனமோ கீவ் அணிக்கு 1969 முதல் 1988 வரை ஆடினார். சோவியத் முதல்நிலை லீகில் 432 ஆட்டங்கள், 211 கோல்கள். தேசிய அணிக்கு 112 ஆட்டங்கள், 42 கோல்கள். நான்குமே சாதனை எண்கள். சோவியத் யூனியனே இல்லாமல் போனதால் இனி யாரும் முறியடிக்கவும் முடியாது. இத்தனை நீண்ட வாழ்க்கையை ஒரே அட்டையில், அதாவது ஒரே எண் பட்டியலில், அடைத்தால் 22 வயதின் கால்களும் 33 வயதின் மூளையும் சேர்ந்த ஓர் ஆள் கிடைப்பார். அப்படி ஒருவர் எந்த நாளிலும் மைதானத்தில் இறங்கியதில்லை.

நான் எடுத்துக்கொண்டது 1975. அந்த ஆண்டு டைனமோ லீகை வென்றது, அவர் 18 கோல்களுடன் லீகிலேயே அதிகக் கோல் அடித்தவர். மே மாதம் பாசெலில் கோப்பை வென்றவர்களுக்கான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஹங்கேரியின் ஃபெரென்ட்ஸ்வாரோஷை 3-0 என்று வென்றார்கள். ஒனிஷ்சென்கோ இரண்டு, பிளோகின் ஒன்று. செப்டம்பரிலும் அக்டோபரிலும் பேயர்ன் மியூனிக்குடன் சூப்பர் கோப்பை. மியூனிக்கில் 1-0, கீவில் 2-0, மூன்று கோலும் பிளோகினுடையவை. ஆண்டு முடிவில் பலோன் டோர் வாக்கெடுப்பில் அவருக்கு 122 புள்ளிகள், இரண்டாவது வந்த பெக்கன்பாவருக்கு 42, மூன்றாவது வந்த கிராய்ஃபுக்கு 27.

உலகக் கோப்பையை வைத்து ஏன் மதிப்பிடக்கூடாது என்று கேட்கலாம். பிளோகின் விஷயத்தில் அது பெரிய பொறி. 1973 நவம்பரில் சிலிக்கு எதிரான இரண்டாவது தகுதிச்சுற்று ஆட்டத்தை, ராணுவ ஆட்சி கைதிகளை அடைத்துவைத்திருந்த சாண்டியாகோ மைதானத்தில் ஆடமாட்டோம் என்று சோவியத் தரப்பு மறுத்தது. அதனால் 1974 போனது. 1978-க்குத் தகுதி பெறவில்லை. ஆக, அவர் முதன்முதலில் உலகக் கோப்பையில் ஆடியது 1982-ல், 29 வயதில். அங்கே நியூசிலாந்துக்கு எதிராக ஒரு கோல், 1986-ல் கனடாவுக்கு எதிராக ஒன்று. உலகக் கோப்பை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் சுமாரான ஆள்.

இதே சிக்கல் மற்ற சோவியத் ஆட்டக்காரர்களுக்கும் வரும். ஸ்ட்ரெல்ட்சோவை எடுத்தால் 1958-ல் சிறை செல்வதற்கு முந்தைய இளைஞன் ஒருவர். 1965-ல் திரும்பி வந்து 1967, 1968 இரண்டு ஆண்டும் சோவியத்தின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வான, ஓட்டம் குறைந்து பாஸ் கூடிய மனிதர் இன்னொருவர். இரண்டையும் கலந்து ஒரே ஆளாக்குவது அபத்தம்.

எதைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது

கோல் தொகுப்புகளைப் பார்க்காதீர்கள். அல்லது கடைசியில் பாருங்கள். தொகுப்பில் எல்லோருமே மேதைகள். முழு ஆட்டமாக மூன்று நான்கு கிடைத்தால் போதும். பிளோகினுக்கு சூப்பர் கோப்பையின் இரண்டு ஆட்டங்களும் பாசெல் இறுதியும்தான் அடித்தளம். அதோடு 1986 மே மாதம் லியோனில் அட்லெடிகோ மாட்ரிடை 3-0 என்று வென்ற இறுதியையும் பாருங்கள். அது நம் ஆண்டு அல்ல. ஆனால் எது வயதோடு போனது, எது கடைசிவரை இருந்தது என்று அதில் தெரியும்.

ஒரு தாளை எடுத்துக் கட்டம் போடுங்கள். பந்து எத்தனை முறை அவரிடம் வந்தது, முதல் தொடுதலிலேயே அடங்கியதா, எந்தக் காலால் தொட்டார், எதிராளியைத் தாண்ட முயன்றது எத்தனை, தாண்டியது எத்தனை, பந்தை இழந்த பிறகு துரத்தினாரா அல்லது நின்றாரா. ஒரு பாதியை முடிக்கவே ஒன்றரை மணி நேரம் ஆகும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: பிளோகினின் பயிற்சியாளர் லோபனோவ்ஸ்கியே இதைத்தான் செய்தார். அனடோலி ஸெலென்ட்சோவ் என்ற விஞ்ஞானியோடு சேர்ந்து, ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஆட்டத்தில் என்னென்ன செய்தார் என்று எண்ணி, அந்த எண்களை வைத்து அணியை நடத்தினார். ஆட்டக்காரர்களுக்கு எண் போடும் நம் கிறுக்கு, கீவில் அப்போதே அலுவலகம் வைத்து நடந்த வேலை.

ஒளிப்பதிவை நம்புவதற்கு முன் அதன் வேகத்தைச் சரிபாருங்கள். இணையத்தில் கிடைக்கும் பழைய பதிவுகள் சில இயல்பைவிட வேகமாக ஓடும். ஆட்கள் நடப்பதைப் பாருங்கள். நடை பொம்மலாட்டம் போல இருந்தால் அந்தப் பதிவை வைத்து வேகத்தை அளக்காதீர்கள். முதல் பாதி இடைவெட்டு இல்லாமல் இருந்தால் 45 நிமிடத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதுவும் ஒரு சோதனை.

எழுத்துச் சான்றும் உண்டு. சோவியத் யூனியனில் பெரும்பாலும் ஒவ்வொரு பருவமும் முடிந்ததும் 33 சிறந்த ஆட்டக்காரர்கள் என்று ஒரு பட்டியல் வெளியாகும். பதினொரு இடங்கள், ஓர் இடத்துக்கு மூன்று பேர், 1, 2, 3 என்று வரிசை. அந்த ஆட்டத்தை நேரில் பார்த்தவர்கள் போட்ட வரிசை அது. ஒளிப்பதிவே இல்லாத 1950-களின் ஆட்டக்காரர்களுக்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. 1970-களில் பிளோகின் அதில் பல ஆண்டுகள் முதலிடம்.

நங்கூரம் போடுங்கள்

எண்ணை ஆகாயத்திலிருந்து எடுக்கக்கூடாது. ஆட்டத்துக்குள் ஏற்கெனவே இருக்கும் நான்கைந்து பேரைப் பிடியுங்கள். நான் வைத்துக்கொண்டவர்கள்: ஷெவ்சென்கோ, கிளாசிக் நெதர்லாந்தின் கிராய்ஃப் (பெயரை மாற்றி வைத்திருப்பார்கள், முகத்தைப் பார்த்தால் தெரியும்), தியெரி ஆன்ரி, அப்புறம் வேகம் மட்டுமே உள்ள ஒரு சாதாரண விங்கர்.

ஷெவ்சென்கோ இங்கே தங்கம். அவரும் டைனமோ கீவ், அவரும் லோபனோவ்ஸ்கி வளர்த்தவர், அவரும் பலோன் டோர் வாங்கியவர். அவர் ஆடிய உக்ரைன் அணியை 2006 உலகக் கோப்பையின் காலிறுதிவரை கொண்டுபோன பயிற்சியாளர் வேறு யாருமில்லை, பிளோகினேதான். ஆக, ஆட்டத்தில் இருக்கும் உக்ரைன் அணியே பிளோகினின் அணி.

முதலில் எண் போடாதீர்கள், வரிசை போடுங்கள். ஓட்ட வேகத்தில் யார் முன்னே? பிளோகின், ஆன்ரி, ஷெவ்சென்கோ. பாஸில்? கிராய்ஃப் எங்கேயோ, மற்றவர்கள் பின்னே, பிளோகின் கடைசி. தலையால் முட்டுவதில் ஷெவ்சென்கோ முதல், பிளோகின் வெகு தூரத்தில். வரிசை சரியாக விழுந்துவிட்டால் எண் தானாக வந்து உட்காரும்.

கால்களின் எண்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், ஏனென்றால் பிளோகின் என்றாலே கால்கள். தாய் யெகதெரினா அடமென்கோ தடகள வீராங்கனை, ஓட்டத்திலும் பென்டத்லானிலும் உக்ரைன் பட்டங்கள் வென்றவர். மகனின் ஓட்டத்தைப் பார்த்தால் பூங்காவில் பந்து விளையாடிக் கற்ற ஓட்டமாகத் தெரியாது. முதுகு நிமிர்ந்து, முழங்கால் உயர்ந்து, ஓடுதளத்தில் ஓடுவது போல இருக்கும்.

"வேகமானவர்" என்ற பேச்சை எண்ணாக்க ஒரு வழி இருக்கிறது. மைதானத்தின் கோடுகள்தான் அளவுகோல். பெனால்டி பகுதியின் ஆழம் 16.5 மீட்டர், நடுவட்டத்தின் ஆரம் 9.15 மீட்டர். மைதானம் 105 மீட்டர் நீளம் என்றால் நடுக்கோட்டிலிருந்து பெனால்டி பகுதியின் கோடு வரை 36 மீட்டர். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பவர் அந்தத் தூரத்தை 4 விநாடியில் கடந்தால் விநாடிக்கு 9 மீட்டர்; 4.5 விநாடி ஆனால் 8 மீட்டர். அந்த அரை விநாடிதான் 97-க்கும் 85-க்கும் உள்ள வித்தியாசம். ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பதிவு என்றால் விநாடிக்கு 25 சட்டகம். சட்டகம் சட்டகமாக நகர்த்தி எண்ணினால் கண் ஏமாற்றாது. அவரைத் துரத்துகிறவருக்கும் அதே கணக்கைப் போடுங்கள். கேமரா நகர்வதால் வரும் பிழை இருவருக்கும் ஒன்றுதான், வித்தியாசம் மட்டும் நிற்கும்.

நான் முடிவு செய்தது: ஓட்ட வேகம் 97, முடுக்கம் 93. ஏன் முடுக்கத்துக்கும் 97 இல்லை? முதல் இரண்டு அடியில் வெடிக்கிறவர் அல்ல அவர். ஐந்தாறு அடிக்குப் பிறகு திறந்துகொள்ளும் வேகம், நீளமான தப்படி. நின்ற இடத்திலிருந்து இரண்டு மீட்டரில் ஆளைக் கழற்றிவிடும் குள்ளமான விங்கர்களின் வேகம் வேறு வகை. இந்த நான்கு புள்ளி வித்தியாசத்தை ஆட்டத்தில் உணர முடியும். இடம் கொடுத்தால் பறப்பார், நெருக்கினால் திணறுவார்.

சுறுசுறுப்பு 82. நேராக ஓடுகிறவர், சட்டென்று முறுக்கித் திரும்புகிறவர் அல்ல. இதை 90 ஆக்கினால் ஆள் மாறிவிடுவார். எதிர்வினை 88. உடல் சமநிலை 81: ஒல்லி என்றாலும் 1.80 மீட்டர் உயரம், தோளில் இடித்தால் விழமாட்டார். இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். அந்தக் காலத்தில் பின்னாலிருந்து காலை வெட்டுவதை நடுவர்கள் பெரும்பாலும் பார்த்தும் பாராமல் விட்டார்கள். அதற்குள் ஓடி நிலைத்தவருக்கு 75 போடுவது அநியாயம். தாக்குப்பிடிப்பு 84. லோபனோவ்ஸ்கியின் உடற்பயிற்சித் திட்டத்தில் தேறியவர் இதற்குக் கீழே இருக்க முடியாது. ஆனால் ஓடி முடித்ததும் சற்று நேரம் ஆட்டத்திலிருந்தே காணாமல் போவதை முழு ஆட்டத்தில் பார்க்கலாம். 90 கொடுத்திருந்தால் அது பொய்.

பந்தோடு ஓடுவது

பெஸ் 6-ல் டிரிப்ளிங்குக்கு இரண்டு எண்கள். ஒன்று துல்லியம், அதாவது பந்து காலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கும் என்பது. மற்றொன்று டிரிப்ளிங் வேகம், பந்து இருக்கும்போது ஓட்டம் எவ்வளவு குறையும் என்பது. இந்த இரண்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி விடுகிறீர்கள் என்பதில்தான் பிளோகினே இருக்கிறார்.

மியூனிக் கோலைப் பாருங்கள். எதிர்த்தாக்குதல், பந்து பிளோகினிடம், எதிரே பேயர்னின் பின்வரிசை மொத்தமும். கால்களுக்கிடையே பந்தைச் சுழற்றும் வித்தை எதுவும் இல்லை. வேகத்தை ஏற்றுகிறார், ஒரு கணம் இறக்குகிறார், அவர்கள் நிற்கிறார்கள், மறுபடி ஏற்றுகிறார். உள்ளே நுழைந்து கீப்பர் ஸெப் மையரைத் தாண்டி அடித்துவிடுகிறார். பந்து காலில் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, முன்னால் தள்ளித் தள்ளி ஓடுகிறார். ஆகவே துல்லியம் 86, வேகம் 96. இரண்டுக்கும் 95 போட்டால் அது பிரேசில்காரர். துல்லியத்தை 80-க்கு இறக்கினால் பந்து காலை விட்டு ஓடிப்போகும். மூன்று நான்கு பேரைத் தாண்டிய மனிதருக்கு அது ஒவ்வாது.

பந்துக் கட்டுப்பாட்டுத் திறன், அதாவது முதல் தொடுதல், 86. நீளமாக வரும் பந்தை ஓட்டத்திலேயே எடுத்துக்கொள்வது அவருக்கு இயல்பு. அந்தக் கால மைதானங்களை நினைத்துக்கொள்ளுங்கள். சோவியத் பருவம் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடிவது. பருவத்தின் இரு முனையிலும் சேறு. தாளில் நான் குறித்த தவறிய தொடுதல்களில் பாதிக்குக் காரணம் தரை. அதற்காக இரண்டு புள்ளி கூட்டினேன், ஐந்து அல்ல. காலத்துக்காகக் கூட்டுகிறேன் என்று ஆரம்பித்தால் எல்லோரும் 95-ல் போய் நிற்பார்கள்.

பாஸ்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குறுகிய பாஸ் துல்லியம் 76, வேகம் 76, நீண்ட பாஸ் துல்லியம் 77, வேகம் 78. டைனமோவில் பந்தைப் பங்கிட கொலோடோவ், முன்த்யான், புரியாக், வெரெமேயெவ் என்று ஒரு படையே இருந்தது. பிளோகின் அந்தப் பந்துகள் போய்ச் சேரும் இடம். இடது ஓரத்திலிருந்து உள்ளே அனுப்பும் பந்துகள் நன்றாகவே இருக்கும், அதனால்தான் நீண்ட பாஸ் ஒரு புள்ளி கூடுதல்.

கோல் அடிப்பது

ஷாட்டின் துல்லியம் 84, பலம் 86, நுட்பம் 89. இந்த நுட்பம் என்ற எண்ணைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள். உடல் சரியாக அமையாத நிலையில், ஓடிக்கொண்டே, நெருக்கப்பட்டு அடிக்கும்போது ஷாட் எவ்வளவு கெடாமல் போகும் என்பதே அது. பிளோகின் முழு ஓட்டத்தில் அடிக்கிறவர், ஆகவே மூன்றிலும் அதுவே உயரம்.

துல்லியத்தை ஏன் 90 ஆக்கவில்லை? கணக்கு பார்த்தேன். 432 ஆட்டத்தில் 211 கோல் என்றால் ஏறக்குறைய இரண்டு ஆட்டத்துக்கு ஒன்று. தேசிய அணிக்கு 112-ல் 42, அதாவது மூன்று ஆட்டத்துக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் அதிகம். மிக நல்ல கணக்கு. ஆனால் மேற்கு ஜெர்மனியின் கெர்ட் ம்யூலர் தேசிய அணிக்கு 62 ஆட்டத்தில் 68 கோல் அடித்தவர். 95 என்ற எண் அந்த மாதிரி ஆட்களுக்காக இருக்கிறது. பிளோகின் வாய்ப்பை உண்டாக்கிக்கொள்வதில் மேதை, முடிப்பதில் மிக நல்லவர். தாக்குதல் என்ற பொது எண்ணுக்கு 91 கொடுத்தது இந்தக் காரணத்தால்தான்: எங்கே போய் நிற்பது என்பதில் அவர் உச்சம்.

ஃப்ரீ கிக் 77, பந்து வளைவு 81. நின்ற பந்துகளுக்கு அணியில் வேறு நிபுணர்கள் இருந்தார்கள். வளைவைப் பற்றிப் பேசும்போது ஒன்று: லோபனோவ்ஸ்கியும் ஆடிய காலத்தில் இதே டைனமோவின் இடது விங்கர்தான், கார்னர் கிக்கை வளைத்து நேரே கோலுக்குள் விடுவதில் பேர் பெற்றவர். அவருக்கு ஒரு அட்டை போட்டால் வளைவு சிவப்பு எண்ணில், அதாவது உச்சத்தில், இருக்கும். மற்றவை எல்லாம் பரவாயில்லை ரகம்.

தலையால் முட்டுவது

71. தாண்டும் உயரம் 76. உயரம் இருந்தும் அவர் வான்வழிப் பந்துக்காகக் காத்து நிற்கிற ஆள் இல்லை. பந்து மேலே வரும்போது அவர் ஏற்கெனவே அடுத்த இடத்துக்கு ஓடிக்கொண்டிருப்பார். இந்த ஒரு எண்ணுக்குத்தான் எனக்கு அதிகச் சண்டை வந்தது. 42 சர்வதேசக் கோல் அடித்தவருக்கு 71-ஆ என்றார்கள். ஆம், 71. நான் பார்த்த நான்கு முழு ஆட்டங்களில் கோலை நோக்கி அவர் தலையால் முட்டியது சொற்பம். பாதுகாப்பு எண் 35. அதில் விவாதமே இல்லை.

மனதின் எண்கள்

பெயரைப் பார்த்து ஏமாறும் இடம் இது. ஆக்ரோஷம் என்ற எண் கோபத்தைச் சொல்வதில்லை. தாக்குதலில் முன்னே ஓடும் ஆசை எவ்வளவு என்று சொல்கிறது. நடுவரோடு வாதாடுவதற்கு பிளோகின் பேர் போனவர், அதனால் 95 என்று போட்ட ஓர் அட்டையைப் பார்த்திருக்கிறேன். எண் சரியானதற்கு மிக அருகில்தான், காரணம்தான் முழுத் தவறு. நான் கொடுத்தது 91, அவர் பாதுகாவலர்களின் தோளை விட்டுப் பின்வாங்குவதே இல்லை என்பதற்காக.

மனவுறுதி 77. தோற்றுக்கொண்டிருக்கும்போது, களைத்தபோது எவ்வளவு போராடுவார் என்பது இது. பந்தை இழந்த பிறகு என்ன செய்தார் என்று தாளில் குறித்தோமே, அது இங்கே உதவும். பல நேரம் கையை விரித்துவிட்டு நின்றார். கூட்டு ஆட்டம் 75. லோபனோவ்ஸ்கி அணியில் இருந்தவருக்கு இதைவிட அதிகம் வேண்டாமா என்று நானே இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் அந்த அணியின் கூட்டு ஆட்டம் மற்ற பத்துப் பேருடையது. அவர்கள் அப்படி உழைத்ததால்தான் இவர் முன்னே காத்திருக்க முடிந்தது.

மற்ற கட்டங்கள்

இடது கால். வலது காலின் துல்லியம் 8-க்கு 5, பயன்படுத்தும் அளவு 4. தொடுதல் கணக்கில் வலது கால் குறைவாகவே வந்தது, ஆனால் வந்தபோது வெட்கப்படும்படி இல்லை. நிலைத்தன்மை 6. உடல்நிலை 7, காயம் தாங்கும் திறன் ஏ. சோவியத் லீகில் அத்தனை ஆட்டம் ஆடியவருக்கு பி போட மனம் வரவில்லை.

இடம்: முதன்மையாக இரண்டாம் ஃபார்வர்ட், கூடவே சென்டர் ஃபார்வர்ட், இடது விங் ஃபார்வர்ட். அவரை வெறும் விங்கராகப் பதிவு செய்யாதீர்கள். 1975 டைனமோவில் முன்னே நின்றது ஒனிஷ்சென்கோவும் பிளோகினும், இருவர் மட்டுமே. இடது ஓரத்துக்கு நழுவி அங்கிருந்து குறுக்கே வெட்டி வருவது அவர் பழக்கம், நிரந்தர முகவரி அல்ல. ஜெர்சி எண் 11.

நாடு என்ற கட்டத்தில் சோவியத் யூனியன் இருக்காது. ரஷ்யா என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் ஏராளம். பிளோகின் கீவில் பிறந்தவர், ஆகவே உக்ரைன். கிப்பியானி என்றால் ஜார்ஜியா, யாஷின் என்றால் ரஷ்யா. சோவியத் அணி என்பது பதினைந்து குடியரசுகளின் அணி, 1975-ல் அதில் பாதிக்கு மேல் கீவ்காரர்கள்.

நட்சத்திரங்கள்

இவற்றில் கஞ்சத்தனம் வேண்டும். எண்ணைவிட இவைதான் கணினி அவரை எப்படி ஆட்டுவிக்கும் என்பதைத் தீர்மானிக்கின்றன. நான் கொடுத்தவை மூன்று: டிரிப்ளிங், ஆஃப்சைடு கோட்டை ஒட்டி ஓடுவது, கீப்பரோடு ஒற்றைக்கு ஒற்றை.

இரண்டாவதைப் பற்றி ஒரு குறிப்பு. கடைசிப் பாதுகாவலருக்குச் சமமாக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்ற விதி 1990-ல்தான் வந்தது. அதுவரை சமம் என்றாலும் ஆஃப்சைடு. அப்படிப்பட்ட காலத்தில் கோட்டின் விளிம்பில் வாழ்ந்தவருக்கு இந்த நட்சத்திரம் இல்லாவிட்டால் வேறு யாருக்கு? கோல் அடிக்கும் நட்சத்திரத்தை மூன்று முறை போட்டு மூன்று முறை எடுத்தேன். அது பெனால்டி பகுதிக்குள்ளேயே குடியிருக்கும் ஆட்களுக்கானது. பாஸ், ஆட்டத்தை வடிவமைப்பது, நடுத்தூர ஷாட், பெனால்டி எதுவும் இல்லை.

சோதனை ஓட்டம்

அட்டையை முடித்ததும் நீங்கள் அவரை ஆடாதீர்கள். உங்கள் விரல்கள் எல்லோரையும் ஒரே மாதிரிதான் ஆடும். கணினிக்கு எதிராகக் கணினி என்று வைத்துவிட்டு ஓரமாக உட்காருங்கள். பத்து ஆட்டம், எதிரணி கிளாசிக் ஜெர்மனி. பாருங்கள்: எத்தனை முறை பின்வரிசைக்குப் பின்னால் ஓடுகிறார், இடது ஓரத்துக்கு நழுவுகிறாரா, ஆட்டத்தின் நடுவே பதினைந்து நிமிடம் காணாமல் போகிறாரா. என்னுடையவர் முதல் சோதனையில் ஓரத்துக்கே போகவில்லை. இடது விங் ஃபார்வர்ட் இடத்தைச் சேர்த்து, அணியின் அமைப்பில் அவரை இடப்புறம் தள்ளி நிறுத்திய பிறகு சரியானது. தலையால் இரண்டு கோல் அடித்தார், 74-லிருந்து 71-க்கு இறக்கியது அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு முறையும் ஒரே ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஒவ்வோர் எண்ணுக்குப் பக்கத்திலும் ஒரு வரி காரணம் எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது "ஏன் 82" என்று கேட்கும்போது உங்களுக்கே மறந்திருக்கும்.

1986-ன் பிளோகினும் வேண்டும் என்பவர்களுக்கு: லியோன் இறுதியின் இரண்டாவது கோலைப் பாருங்கள். ராட்ஸ், பெலானோவ், யெவ்துஷென்கோ என்று பந்து இடமிருந்து வலமாக விசிறி போல விரிந்து போகிறது. கடைசியில் வலப்பக்கம் வந்து சேர்ந்த 33 வயதுக்காரர் அதை கீப்பர் ஃபியோலுக்கு மேலே தூக்கிவிடுகிறார். 1975 கோப்பின் நகல் ஒன்றை எடுத்து, ஓட்ட வேகம் 86, முடுக்கம் 82, டிரிப்ளிங் வேகம் 84, தாக்குப்பிடிப்பு 74 என்று இறக்குங்கள். குறுகிய பாஸை 81-க்கும் கூட்டு ஆட்டத்தை 82-க்கும் ஏற்றுங்கள். டிரிப்ளிங் நட்சத்திரத்தை எடுத்துவிடுங்கள். தாக்குதல் 91 அப்படியே இருக்கட்டும்.